மூணு மாத்திரை நாலாச்சு: நொதியின் வேகத்துக்கு ஒரு கணக்கு

(எபிசோட்டின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

வழக்கமா இங்கே மென்பொருள் பற்றியும், அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு பற்றியும் பேசுவோம். இன்னைக்கு உடம்புக்குள்ள போறோம். பயப்படாதீங்க, நான் உயிரியல் படிச்சவன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு அந்தப் புத்தகத்தை மூடினவன், அப்புறம் இன்ஜினியரிங். ஆனா ஒரு கேள்வி என்னை அந்தப் பக்கம் திரும்ப இழுத்துட்டு வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டது என் சித்தி.

என் சித்தப்பாவுக்கு ரொம்ப வருஷமா வலிப்பு உண்டு. எங்க வீட்ல ‘ஃபிட்ஸ்’னுதான் சொல்வோம். தையல் கடை வைத்திருக்கிறார். ஃபெனிடாயின் என்ற மாத்திரை, ஒரு நாளைக்கு 100 மி.கி. மூன்று. பல வருஷம் அதிலேயே ஓடியது. நான் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவருக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். லிட்டருக்கு 8 மி.கி. பொதுவாக 10 முதல் 20 வரை இருந்தால் நல்லது என்பார்கள். அப்போ கொஞ்சம் குறைவு. டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். மூன்று, நான்கானது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் ரத்தப் பரிசோதனை. 16. சரியாக நடுவில். எல்லாருக்கும் நிம்மதி. அடுத்து ஒரு மாசம் கழிச்சு வாங்க, போதும்னு அனுப்பிட்டாங்க.

மூன்றாவது வாரம் சித்தப்பா தைத்த ஒரு ஜாக்கெட்டில் தையல் கோணலாகப் போயிருந்தது. அவர் கைக்கு அது நடக்கவே நடக்காது. அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஊசி இரண்டாகத் தெரியுதுன்னார். அப்புறம் நடை தள்ளாட ஆரம்பித்தது. தெருவில் ஒருத்தர் சித்தியிடமே கேட்டுவிட்டார்: “என்ன, அண்ணன் இப்போ பகல்லயேவா?” வாழ்க்கையில் ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். சித்தி அன்னைக்கு அழுதது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

ஐந்தாவது வாரம் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், கருவிழி தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை: 29.

அப்போதான் சித்தி என்னைக் கேட்டாங்க. “மூணு மாத்திரை நாலாச்சு. அவ்வளவுதானேப்பா? நீ கணக்கு படிக்கிற பையன்தானே, சொல்லு. மூணுக்கு எட்டுன்னா, நாலுக்கு எவ்வளவு வரணும்?”

மூன்றுக்கு 8 என்றால் நான்குக்கு பத்தரை சொச்சம். சித்தி கேட்டது சரியான கேள்வி. என்கிட்டதான் அன்னைக்குப் பதில் இல்லை. இந்த எபிசோட் அந்தப் பதில்தான்.

ஆட்டோக்காரர் கணக்கு

நம் உடம்பில் எந்த வேதிவினை நடந்தாலும் பெரும்பாலும் அதற்கு ஒரு என்சைம் இருக்கும். பாடப்புத்தகத்தில் நொதி. ஒரு பொருளைப் பிடிக்கும், மாற்றும், விட்டுவிடும், அடுத்ததைப் பிடிக்கும். நொதி தீர்ந்துபோகாது, திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

இதை ஒரு ஆட்டோவாக நினைச்சுக்கோங்க. ஒரு சவாரிக்கு ஆகும் நேரத்தில் இரண்டு பகுதி. ஒன்று, ஆளைத் தேடிக் காலியாகச் சுற்றுகிற நேரம். இரண்டு, ஆளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற நேரம். சவாரி நேரம் 12 நிமிஷம் என்று வைப்போம், அது மாறாது. தேடுகிற நேரம் மட்டும் ஊரில் எவ்வளவு பேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கூட்டம் இரண்டு மடங்கானால் தேடும் நேரம் பாதி.

கூட்டம் எக்கச்சக்கமாக இருந்தால் தேடும் நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்பவும் மணிக்கு 5 சவாரிக்கு மேல் ஓட்ட முடியாது. இந்த உச்ச வேகத்துக்குப் பெயர் விமேக்ஸ்.

இப்போ தேடும் நேரமும் 12 நிமிஷமாக இருக்கிற அளவுக்குக் கூட்டம் இருக்கிறது என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 24 நிமிஷம், மணிக்கு இரண்டரை சவாரி. உச்சத்தில் சரி பாதி. அந்தக் கூட்டத்தின் அளவுக்குப் பெயர் கேஎம். பாடத்தில் ‘விமேக்ஸில் பாதி வேகம் கிடைக்கும் செறிவு’ என்று மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. தேடும் நேரமும் வேலை நேரமும் சமமாகிற இடம் என்று சொன்னால் எனக்கு உடனே புரிகிறது.

கூட்டத்தை இன்னொரு மடங்கு கூட்டினால்? தேடல் 6, சவாரி 12, மொத்தம் 18 நிமிஷம். மணிக்கு 3.3 சவாரி. ஒன்பது மடங்கு கூட்டினால் 4.5. அதாவது பாதி வேகத்திலிருந்து 90 சதவீதத்துக்குப் போக, ஒன்பது மடங்கு கூட்டம் வேண்டும். இதைச் சூத்திரமாக எழுதினால்:

வேகம் = விமேக்ஸ் × செறிவு ÷ (கேஎம் + செறிவு)

இதுதான் புகழ்பெற்ற மிக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு. அவ்வளவேதான்.

பெர்லினில் ஒரு சர்க்கரைக் கரைசல்

இந்தச் சமன்பாட்டின் வடிவத்தை முதலில் எழுதியவர் விக்டர் ஆன்ரி, பாரிஸில், 1903-இல். ஆனால் அவருடைய சோதனைகளில் சில ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைத்தவர்கள் பெர்லினில் வேலை செய்த லியோனோர் மிக்கேலிஸும், கனடாவிலிருந்து அங்கே போன மாட் மென்டனும். அவர்களுடைய கட்டுரை வந்த வருஷம் 1913. மென்டன் டொராண்டோவில் மருத்துவத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பெண். பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தபோது ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. இதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கணும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி இன்வெர்டேஸ், ஈஸ்ட்டில் இருப்பது. நாம் காபியில் போடும் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். சர்க்கரைக் கரைசல் வழியாகத் தளவிளைவுற்ற ஒளியை அனுப்பினால் அது ஒரு பக்கம் திரும்பும். உடைந்த பிறகு எதிர்ப் பக்கம் திரும்பும். இந்தக் கோணத்தை அளந்தாலே எவ்வளவு சர்க்கரை உடைந்தது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னன்னா, புதிதாக வெளிவரும் குளுக்கோஸ் உடனே நிலையாக இருக்காது. சிறிது நேரத்துக்கு அதன் கோணம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அமிலத்தன்மை மாறினாலும் நொதியின் வேகம் மாறும். உடைந்து வந்த சர்க்கரைகளே நொதியைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் நாலு விஷயம் மாறினால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. டீபக் பண்ணின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்.

அவர்கள் செய்தது இதுதான். தாங்கல் கரைசல் போட்டு அமிலத்தன்மையை நிலையாக வைத்தார்கள். எடுத்த மாதிரியில் காரம் சேர்த்து வினையை நிறுத்தி, குளுக்கோஸ் நிலையான பிறகு அளந்தார்கள். முக்கியமாக, வினையின் ஆரம்ப வேகத்தைப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் உடைந்த சர்க்கரை இன்னும் சேரவில்லை, அதனால் அதன் தொந்தரவு இல்லை. போட்ட சர்க்கரையின் செறிவு எவ்வளவு என்பது நமக்கே தெரியும்.

1925-இல் பிரிக்ஸும் ஹால்டேனும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சில சமயம் ஆட்டோவில் ஏறியவர் பேரம் படியாமல் இறங்கிவிடுவார், இல்லையா? நொதியும் பிடித்ததை மாற்றாமலே விட்டுவிடலாம். ஏறுவது, இறங்குவது இரண்டும் எப்போதும் சமநிலையில் இருக்கின்றன என்பது மிக்கேலிஸ்–மென்டனின் அனுமானம். அவ்வளவு கட்டாயம் இல்லை, ஆள் ஏறியிருக்கிற ஆட்டோக்களின் எண்ணிக்கை கொஞ்ச நேரத்துக்கு மாறாமல் இருந்தாலே போதும் என்று இவர்கள் காட்டினார்கள். சூத்திரத்தின் வடிவம் அதேதான், கேஎம்-இன் அர்த்தம் மட்டும் விரிந்தது. இந்த ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்துபோன ஜே.பி.எஸ். ஹால்டேன்.

நேர்க்கோட்டு ஆசை

கிராஃபில் இந்தச் சமன்பாடு வளைகோடாக வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்துவது கஷ்டம், ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போடுவது சுலபம். 1934-இல் லைன்வீவரும் பர்க்கும் ஒரு வழி சொன்னார்கள். வேகத்தையும் செறிவையும் தலைகீழாக்கி, ஒன்றின் கீழ் வேகம், ஒன்றின் கீழ் செறிவு என்று வரைந்தால் நேர்க்கோடு வந்துவிடும். பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது.

ஆனா இதில் ஒரு பொறி இருக்கு. நீங்க அளந்த வேகம் 10, பிழை ஒன்று கூடவோ குறையவோ என்று வைப்போம். தலைகீழாக்கினால் 0.09-க்கும் 0.11-க்கும் நடுவில் எங்கேயோ. பெரிய வித்தியாசம் இல்லை. அதே பிழையோடு அளந்த வேகம் 2 என்றால்? தலைகீழில் 0.33-இலிருந்து 1 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நாம் மோசமாக அளந்த புள்ளிதான் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கும். இன்னைக்கு பைத்தானில் நாலு வரி எழுதினால் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்திவிடலாம். படம் வரைந்து காட்ட நேர்க்கோடு நல்லது, எண் எடுக்க வேண்டாம்.

சித்தப்பாவின் கல்லீரல்

இப்போ ஃபெனிடாயினுக்கு வருவோம். கல்லீரலில் இருக்கும் நொதிகள்தான் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகின்றன. அதில் பெரும்பங்கு சைப் 2சி9 என்ற நொதியுடையது. நிறைய மருந்துகளுக்கு, சாதாரணமாகச் சாப்பிடும் அளவில், ரத்தத்தில் இருக்கும் செறிவு கேஎம்-ஐ விட ரொம்பக் கீழே இருக்கும். ஆட்டோக்கள் பெரும்பாலும் காலி. மருந்து இரண்டு மடங்கானால் வெளியேற்றமும் இரண்டு மடங்காகும், ரத்த அளவும் ஒழுங்காக இரண்டு மடங்காகும். சித்தி போட்ட கணக்கு அந்த மருந்துகளுக்கெல்லாம் சரி.

ஃபெனிடாயின் அப்படியில்லை. அதன் கேஎம் லிட்டருக்கு ஏறக்குறைய 4 மி.கி. நமக்கு வேண்டிய அளவோ 10-இலிருந்து 20. அதாவது மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போதே ஆட்டோக்களில் முக்கால்வாசி ஆள் ஏறியாகிவிட்டது.

தினமும் உள்ளே போகிற மருந்தும் வெளியேறுகிற மருந்தும் சமமாகும் இடத்தில் ரத்த அளவு நிலையாக நிற்கும். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால்:

நிலையான அளவு = கேஎம் × தினசரி மருந்து ÷ (விமேக்ஸ் − தினசரி மருந்து)

அடியில் இருக்கும் கழித்தலைப் பாருங்க. வில்லன் அங்கேதான் இருக்கான். விமேக்ஸ் நாளைக்கு 450 மி.கி., கேஎம் 4 என்று வைப்போம். சித்தப்பாவின் உண்மையான எண்களை யாரும் அளக்கவில்லை, இது ஒரு சராசரி உடம்புக்குப் பக்கத்தில் இருக்கும் எண். மாத்திரையில் இருப்பது சோடியம் உப்பு என்பதால் உள்ளே போகும் மருந்து கொஞ்சம் குறையும், அதையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

தினம் 300 மி.கி.: 4 × 300 ÷ 150 = 8.
தினம் 350 மி.கி.: 4 × 350 ÷ 100 = 14.
தினம் 400 மி.கி.: 4 × 400 ÷ 50 = 32.
தினம் 425 மி.கி.: 4 × 425 ÷ 25 = 68.
தினம் 450 மி.கி.: அடியில் பூஜ்யம். நிலையான அளவே கிடையாது, ஏறிக்கொண்டே போகும்.

மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடினது. ரத்த அளவு நாலு மடங்கு.

இதைக் கோடில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது, வேற ஒரு காரணத்தால். சர்வர் வரிசைக் கணக்கு படிச்சவங்களுக்குத் தெரியும். ஒரு சர்வரின் பயன்பாடு 67 சதவீதம் என்றால், அதில் சராசரியாக இருக்கும் கோரிக்கைகள் 2. பயன்பாடு 89 சதவீதம் என்றால் 8. பயன்பாட்டை, ஒன்றில் மீதமிருப்பதால் வகுக்கணும், அதுதான் சூத்திரம். மேலே இருக்கும் மருந்துக் கணக்கில் 300-ஐ 450-ஆல் வகுங்க: 67 சதவீதம், கேஎம்-ஐப் போல 2 மடங்கு, அதாவது 8. 400-ஐ 450-ஆல் வகுங்க: 89 சதவீதம், 8 மடங்கு, 32. அதே சூத்திரம். வேலையில் சர்வர் 90 சதவீதத்தைத் தொட்டால் நடு ராத்திரியில் எனக்கு அலாரம் அடிக்கும். சித்தப்பாவின் கல்லீரலுக்கு அலாரம் இல்லை.

அந்த 16

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ஒரு வாரத்தில் எடுத்த பரிசோதனையில் 16 என்று நல்லபடியாகத்தானே வந்தது?

32 என்பது கடைசியில் போய் நிற்கும் இடம். அங்கே போய்ச்சேர எவ்வளவு நாள் ஆகும்? ஒவ்வொரு நாளும் உள்ளே போவதிலிருந்து வெளியேறுவதைக் கழித்து, மீதியை உடம்பில் மருந்து பரவும் கொள்ளளவால் வகுத்தால், அன்றைய ஏற்றம் வந்துவிடும். 65 கிலோ ஆளுக்கு அந்தக் கொள்ளளவு 42 லிட்டர் அளவில் வரும். 8-இலிருந்து ஆரம்பித்து ஓட்டினேன். ஏழாம் நாள் 17. பதினோராம் நாள் 20-ஐத் தாண்டுகிறது. ஐந்தாவது வாரக் கடைசியில் 27, 28. அப்பவும் நிற்கவில்லை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

எங்களிடம் இருந்த காகிதத்தில் ஒரு வாரத்துக்கு 16, ஐந்து வாரத்துக்கு 29. இவ்வளவு பக்கத்தில் வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் கோட்டின் போக்கில் அதிர்ஷ்டம் இல்லை. உச்ச வேகத்தை நெருங்க நெருங்க, மருந்தின் அளவு ஏறுவது மட்டுமில்லை, நிலைக்கு வர ஆகும் காலமும் நீண்டுகொண்டே போகும். 300 மி.கி.யில் ஒரு வாரத்துக்குள் நிலைக்கு வந்துவிடும் மருந்து, 400-இல் மாசக் கணக்கில் ஏறும். அந்த 16 பொய் இல்லை. மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும் ஆளை நடுப்படியில் பிடித்த போட்டோ அது. அதை வீடு வந்து சேர்ந்த போட்டோ என்று நாங்கள் எல்லாரும் நினைத்துவிட்டோம்.

தெருவில் குடிச்சிருக்கார்னு பேசினாங்க இல்லையா? மதுவும் ஏறக்குறைய இதே கணக்குதான். கல்லீரலில் அதைச் சிதைக்கும் நொதி சீக்கிரமே நிரம்பிவிடும். அதுக்கு அப்புறம் எவ்வளவு குடித்தாலும் மணிக்கு இவ்வளவுதான் என்று ஒரே அளவில்தான் இறங்கும்.

இரண்டாவது டாக்டர் சில நாள் மாத்திரையை நிறுத்தி, தன் கண்காணிப்பில் வைத்து, 350-இல் மறுபடி ஆரம்பித்தார். 100-இல் மூன்று, 50-இல் ஒன்று. “இந்த மருந்துல சின்னச் சின்னப் படியாத்தான் ஏறணும்”னு மட்டும் சொன்னார். ஏன்னு கேட்க அன்னைக்கு யாருக்கும் தோணலை.

சித்திக்கு நான் பதில் சொன்னது சில வருஷம் கழித்து. சூத்திரம் எதுவும் சொல்லலை. “சித்தி, சித்தப்பா ஒரு நாளைக்கு ஒன்பது ஜாக்கெட் தைப்பார்னு வெச்சுக்கோங்க. தினம் ஆறு வந்தா மேஜை மேல என்ன இருக்கும்?” “ரெண்டு மூணு கிடக்கும்.” “தீபாவளிக்கு எட்டு வந்தா?” சித்தி யோசிக்கவே இல்லை. “அய்யோ, மேஜையே தெரியாதுப்பா. கட்டிலுக்கு அடியில எல்லாம் மூட்டை கிடக்கும்.” அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “அதை அந்த மனுஷன் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல”ன்னாங்க. யாரைச் சொன்னாங்கன்னு நான் கேட்கலை.

ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைத் தானாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க. வலிப்பு மருந்தைத் திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் மோசமாக வரலாம். விமேக்ஸும் கேஎம்மும் ஆளுக்கு ஆள் மாறும், கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளாலும் மாறும். நான் போட்டது புரிந்துகொள்வதற்கான கணக்கு. உங்க வீட்ல யாருக்காவது இந்த மருந்தின் அளவை மாற்றினால், டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்க: “அடுத்த டெஸ்ட் எப்போ எடுக்கணும், அதுக்குள்ள அளவு நிலைக்கு வந்திருக்குமா?” அது போதும்.

இன்னைக்குப் பேசினதெல்லாம் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி. ஒரு செல்லுக்குள் பத்துப் பதினைந்து மூலக்கூறுதான் இருக்கு என்றால் சராசரி உதவாது, ஒவ்வொரு வினைக்கும் பகடை உருட்டணும். அதற்கு கில்லஸ்பி என்பவர் 1970-களில் ஒரு அல்காரிதம் எழுதினார். அடுத்த எபிசோடில் அதை நாமே கோடில் எழுதிப் பார்ப்போம். சித்தப்பா நல்லா இருக்கார். போன தீபாவளிக்கு என் சட்டை அவர் தைத்ததுதான். மறுபடி சந்திப்போம், வணக்கம்.